காவிரி டெல்டாவைச் சொந்தமாகச் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாயவரத்தில் (மயிலாடுதுறைதான், பழைய பெயர்) இருப்பதால் சென்னை, கோவை, நாகர்கோவில் என்று எங்கெங்கோ இருக்கிற உறவுக்காரர்கள் போன் போட்டு வழி கேட்பார்கள். அவர்கள் அலுவலக நண்பர்கள் கேட்பார்கள், அப்புறம் அந்த நண்பரின் மாமனார் கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இனி இதையே அனுப்பிவிடலாம் என்று தொகுத்து வைத்திருக்கிறேன். வேன் பேசி, பேக்கேஜ் போட்டு வருகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது. ஒரு பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது.

டெல்டான்னா எது எது? தஞ்சாவூர்தானே?

தஞ்சாவூர் அதில் ஒரு பகுதி. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொஞ்சம் கிழக்கே கல்லணையில் மறுபடி வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. அதற்குப் பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், கோரையாறு என்று பிரிந்துகொண்டே கடல் வரை போகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும், திருச்சி, கடலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில பகுதிகளும் டெல்டாதான். நடுவில் புதுச்சேரி அரசின் காரைக்கால் இருக்கிறது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல். அதற்கு முந்தைய புத்தகங்களில் தரங்கம்பாடியும் பூம்புகாரும் நாகை மாவட்டம் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். கும்பகோணம் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லும். பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு, அங்கே காவிரித் தண்ணீர் போனதே 1934இல் புது ஆறு வந்த பிறகுதான். வேதாரண்யம் பக்கம் போனால் உப்பளம்.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்? ஆத்துல தண்ணி ஓடுமா?

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். எல்லா வருஷமும் அந்தத் தேதி நிற்காது: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. அணை திறந்ததை டிவியில் பார்த்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாளாகும், பாசனத்தின் கடைசி முனையான கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும்.

என்னைக் கேட்டால் மார்கழிப் பின்பாதியிலிருந்து தை முடியும் வரை. மழை விட்டிருக்கும், ஆற்றிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும், சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் அநேகமாக அந்த வாக்கில்தான் வரும். மாசி, பங்குனியில் வந்தால் அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் இருக்கும், ஆறு மணலாகக் கிடக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் பச்சை வயலைப் படம் எடுக்க வந்தவர்கள் முகம் தொங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போங்கள்.

மூணு நாள் லீவு இருக்கு. முழு டெல்டாவையும் பாத்துடலாமா?

முடியாது. மூன்று நாளில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், வேளாங்கண்ணி என்று போட்டால் பார்ப்பது எல்லாம் பஸ் ஸ்டாண்டுதான். மூன்று நாளுக்கு ஓர் ஊரில் தங்கி, அதைச் சுற்றி ஒரு மணி நேர தூரத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். ஐந்து நாள் என்றால் உள்ளே ஓர் ஊர், கடற்கரைப் பக்கம் ஓர் ஊர். அதற்கு மேல் லீவு கிடைத்தால் பாக்கியவான், அப்போது கொடியக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்ப எங்க தங்கறது? தஞ்சாவூரா, கும்பகோணமா?

கோயில்கள்தான் முக்கியம் என்றால் கும்பகோணம். தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர் எல்லாம் டவுன் பஸ் தூரம். பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால், திருவையாறு, கல்லணை என்றால் தஞ்சாவூர். தஞ்சாவூரில் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அறை எடுக்கும்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமா, புதியதா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

கடற்கரைக்கு நாகப்பட்டினமோ வேளாங்கண்ணியோ. யாரும் கேட்காத பதில் ஒன்றும் என்னிடம் உண்டு: மாயவரம். தஞ்சாவூர், திருவாரூர், சிதம்பரம் என்று மூன்று பக்கமும் ரயில் பிரியும் ஜங்ஷன், தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நேர் பஸ். சொந்த ஊர்ப் பாசம் என்று தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், ஆனால் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

முகூர்த்த நாள், சனி ஞாயிறு இரண்டிலும் கும்பகோணத்தில் அறை கிடைப்பது சிரமம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, கூட்டம் தாங்காது. 2028இல் கும்பகோணத்தில் மகாமகம். அதற்கு வருவதாக இருந்தால் இப்போதே உறவினர் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று யோசியுங்கள்.

கார் இல்லாம சுத்த முடியுமா?

கார் இல்லாமல் வந்தால்தான் நன்றாகச் சுற்றலாம் என்பேன். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் சாலையில் பகல் முழுக்கப் பஸ் உண்டு. ஏறும் முன் நடத்துநரிடம் "அண்ணே, தாராசுரம் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒன் டு ஒன் பஸ்ஸில் ஏறிவிட்டால் நடுவில் இறக்கிவிட மாட்டார்கள்.

ரயிலில் தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் பாசஞ்சரில் ஒருமுறையாவது போங்கள். அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம், திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம் என்று நிலையங்களின் பெயர்ப் பலகையே பாதி வழிகாட்டி. ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், நேரத்தை முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் பயணத்தில் எனக்குப் பிடித்தது தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, சுமார் 13 கிலோமீட்டர்தான். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, குடமுருட்டி, ஊருக்குள் நுழையும்போது காவிரி. பாலம் பாலமாக எண்ணிக்கொண்டே போகலாம். காரில் போகிறவர்கள் கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள்.

லேடீஸுக்கு எல்லா பஸ்ஸும் ஃப்ரீயாமே?

எல்லா பஸ்ஸும் இல்லை. 2021 முதல் அரசு டவுன் பஸ்களில், அதாவது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பல பஸ்களுக்கு முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். கட்டணம் இல்லாத டிக்கெட் ஒன்று தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் விட்டு ஊர் போகிற பஸ், விரைவுப் பேருந்து, தனியார் பஸ் எதிலும் இது செல்லாது. ஆனால் இங்கே டவுன் பஸ் என்பது டவுனுக்குள் மட்டும் ஓடுவது இல்லை, நல்ல தூரம் கிராமங்களுக்குள் போய்வரும். அவசரம் இல்லாத பெண்கள் காசே கொடுக்காமல் நிறைய ஊர் பார்க்கலாம்.

மத்தியானம் கோயிலை எல்லாம் சாத்திடறாங்க. அந்த நாலு மணி நேரம் என்ன பண்றது?

பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். பயணத் திட்டம் போடுகிறவர்கள் அதிகமாகச் சொதப்புகிற இடம் இதுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு கோயிலோடு நிறுத்திக்கொண்டு, நடுப்பகலை வேறு விஷயத்துக்கு வையுங்கள். உச்சி வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலில் நடப்பது தண்டனை. பெரிய கோயில் வெளிப் பிராகாரத்தில் பகலில் நிற்க நேர்ந்தால் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி கைகொடுக்கும்.

நடுப்பகலில் நான் அனுப்புவது பட்டறைகளுக்கு. சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. வாசலில் நின்று "பார்க்கலாமா ஸ்தபதி ஐயா?" என்று கேட்டால் பல இடங்களில் உள்ளே விடுவார்கள். அளவுக்கு ஸ்கேல் இருக்காது. ஓர் ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று குறி வைப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி நிழலில் காயவைப்பார்கள். அந்த மண் அவ்வளவு நைசு என்பதால் மெழுகில் கீறிய நகம் வரைக்கும் அச்சில் பதியும். மேலே தடித்த மண் அப்பி, கம்பி கட்டி, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். வார்ப்பு எல்லா நாளும் நடக்காது, அரம் போட்டுத் தேய்க்கிற வேலை எப்போதும் நடக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் வேலை செய்கிறவர் முகத்துக்கு நேராக போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

நரசிங்கன்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறார்கள். ஆச்சா மரத்தில் கடைவது. அதிலும் பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கிற, பல வருஷம் காய்ந்த மரம்தான் வேண்டும் என்பார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு நெசவு. எல்லாம் கும்பகோணத்திலிருந்து சின்னப் பயணம்.

ஒன்பது நவக்கிரகக் கோயிலும் ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா?

விடியற்காலை கிளம்பி இரவு திரும்புகிற மாதிரி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திங்களூர் திருவையாறு பக்கம், கீழப்பெரும்பள்ளமும் திருவெண்காடும் பூம்புகார் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில், ஆலங்குடி தெற்கே. மேலே சொன்ன நடை சாத்தும் நேரமும் இடையில் வரும். பஸ் மாறி மாறி ஒரே நாளில் நடக்காது. வேண்டுதலுக்காகக் கட்டாயம் போக வேண்டும் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் நவக்கிரகச் சுற்றுப் பஸ் விடுகிறது, அதில் போய்விடுங்கள்.

வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கினால் நாடி ஜோதிடம் என்று கூட்டிப்போக ஆள் வருவார்கள். விருப்பம் இல்லையென்றால் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று விளக்கம் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும்.

கோயில்ல ஆர்வம் இல்லை. எனக்கு டெல்டாவுல என்ன இருக்கு?

கடற்கரைக்குப் போங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, கடலை ஒட்டி. 1706இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் நடத்திப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கிருந்து காரைக்கால் வழியாக நாகூர். தர்காவின் மனோராக்களில் (கோபுரங்களில்) உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். நாகூர், நாகை, வேளாங்கண்ணி மூன்றும் ஒரே சாலையில் கிட்டக் கிட்ட இருப்பவை, ஒரு நாள் போதும்.

இன்னும் தெற்கே வேதாரண்யம். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய இடம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை 2023இல் மறுபடி ரயில் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் கொடியக்கரை சரணாலயம், வெளிமான்கள் கூட்டமாக மேயும். பறவைகளுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. காலை முதல் பஸ்ஸில் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மான் புதருக்குள் போய்விடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். நேராகப் போய் நிற்காமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவுல தீவு இருக்காமே, எங்க?

ஸ்ரீரங்கம் தீவுதான். முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிற நிலத்தில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். எல்லாரும் 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு, தரிசனம் செய்துவிட்டு, பாலம் ஏறிவிடுகிறார்கள். உத்திர வீதியையும் சித்திரை வீதியையும் ஒரு சுற்று நடங்கள், கோயிலின் மதிலுக்குள்ளேயே ஓர் ஊர் குடியிருப்பது தெரியும். பிறகு தீவின் கிழக்குப் பக்கமாகக் கிராமங்கள் வழியே பஸ்ஸில் போய்ப் பாருங்கள், வாழைத் தோட்டம்தான்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலும் ஆற்றுக்குள் திட்டு, படுகை என்று பெயர் முடிகிற ஊர்கள் உண்டு. வெள்ளம் வந்தால் அங்கே இருப்பவர்களைப் படகில்தான் வெளியே கொண்டுவருவார்கள். அவை வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. யாராவது தெரிந்தவர் இருந்தால் போங்கள்.

ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?

படித்துறையில், உள்ளூர் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தால், அவர்கள் நிற்கிற ஆழத்தில் மட்டும். ஆளில்லாத இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கொள்ளிடத்தில் கூடவே கூடாது: உபரி நீரைத் திறந்துவிட்டால் காய்ந்து கிடந்த ஆறு சீக்கிரமே நிறைந்துவிடும், அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று படித்துறைக்கு வாருங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் சரடு, சித்திரான்னம் எல்லாம் பார்க்கலாம், கால் நனைத்தால் போதும்.

சாப்பாட்டுக்கு எங்க நல்லா இருக்கும்?

கடை பெயர் சொல்ல மாட்டேன், சொன்ன கடை அடுத்த வருஷம் மாறிவிடுகிறது. கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது. எல்லா நாளும் போட மாட்டார்கள். திருவையாற்றில் பாசிப்பருப்பு அசோகா. நாகை, நாகூர் பக்கம் மீனும் பரோட்டாவும். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடியுங்கள், சின்ன ஊர்களில் இரண்டரைக்குப் போனால் ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும்.

தனியா வந்தா ரூம் குடுக்க மாட்டேங்கறாங்களே, ஏன்?

சில லாட்ஜ்களில் ஒற்றை ஆளைப் பார்த்தால், ஆணோ பெண்ணோ, அறை இல்லை என்பார்கள். தனியாக வந்தவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயம்தான். கோபப்பட்டுப் பயன் இல்லை. போகும் முன்பே போனில் "ஒரே ஆள்தான்" என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும், இரவு பத்து மணிக்குப் போய் நிற்காதீர்கள். ரயில் டிக்கெட் இருந்தால் திருச்சி, தஞ்சாவூர் நிலைய ஓய்வறைகளையும் பாருங்கள்.

தனியாக வருகிற பெண்கள் பகலில் எங்கேயும் தயங்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அக்கா "எந்த ஊரும்மா, யார் வீட்டுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார், அது இங்கே வழக்கம். கிராமங்களுக்குக் கடைசி பஸ் எப்போது என்பதை மட்டும் போகும்போதே கேட்டு வையுங்கள், இருட்டின பிறகு பஸ்கள் குறைந்துவிடும்.

காரைக்கால் வழியா போறப்ப செக்போஸ்ட்ல இறக்கிடுவாங்களா?

பஸ்ஸில் ஏறிப் பையைச் சோதிப்பது உண்டு. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். அவர்கள் தேடுவது காரைக்காலிலிருந்து வருகிற பாட்டிலை. அங்கே விலை குறைவு என்று வாங்கிப் பையில் போட்டால் வழக்கு உங்கள் மேல், பஸ் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். வேறு எதற்கும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கங்கைகொண்டசோழபுரம், சிதம்பரம் எல்லாம் டெல்டாவுல சேருமா?

இரண்டும் கொள்ளிடத்துக்கு வடக்கே. ஆனால் ஆற்றைத் தாண்டிவிட்டால் டெல்டா முடிந்தது என்று சொல்ல முடியாது. அணைக்கரையில் இருக்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரம் விளைவது அதில்தான். சென்னைக்குக் குடிக்கப் போவதும் அதுவே, ஆகவே சென்னைக்காரர்கள் கடைமடை என்று சொல்லிக்கொள்ளலாம். (அந்த வடவாறு வேறு, தஞ்சாவூரில் பார்த்த வடவாறு வேறு.)

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரத்துக்கு அணைக்கரை வழியாகப் பஸ் உண்டு, பாதி நாள் ஒதுக்குங்கள். 2025இல் புதிய பாலம் வரும் வரை குறுகலான பழைய பாலத்தில் வண்டிகள் முறை வைத்துத்தான் போய்க்கொண்டிருந்தன. மாலைக் கோயிலாக வைத்துக்கொள்வது நல்லது. பெரிய கோயிலில் இருக்கிற நெரிசல் இல்லாமல் புல்தரையில் உட்கார்ந்து விமானத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

நவம்பர்ல டிக்கெட் போட்டுட்டேன். மழைன்னு சொல்றாங்க, வரட்டுமா வேண்டாமா?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சாதாரண மழை என்றால் வாருங்கள், ஒரு குடையும் ரப்பர் செருப்பும் போதும். வானிலை மையம் டெல்டா மாவட்டங்களுக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தாலோ, வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வலுப்பெறுகிறது என்றாலோ தள்ளிப் போடுங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது விழுந்த தென்னைகளால் பல ஊர்களுக்குச் சாலையே இல்லாமல் போனது. அந்த மாதிரி நேரத்தில் இருக்கிற அறையும் சாப்பாடும் ஊர்க்காரர்களுக்கே போதாது.

ஏற்கெனவே வந்து மாட்டிக்கொண்டால் கடற்கரைப் பக்கத்தை விட்டுத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வந்துவிடுங்கள், மேட்டு நிலம், ரயிலும் அங்கிருந்துதான் முதலில் ஓட ஆரம்பிக்கும். கொடியக்கரை, முத்துப்பேட்டையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்வதாக இருந்தால் வண்டி கிளம்புவதற்கு முந்தின நாளே செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் செய்தால் பாதிப் பணம்கூடத் திரும்பாது. ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் முழுப் பணமும் வரும், அவசரப்பட்டு நீங்கள் ரத்து செய்துவிடாதீர்கள்.